உடையாத மெழுகு

அன்புள்ள இவளுக்கு,

இங்கே நான் நலம். பட்டறைப் பூனை என்னைவிட நலம். நீயும் நம் பெண்ணும் மாப்பிள்ளையும், புதிதாக வந்திருக்கும் அந்தப் பெரிய மனுஷியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று மாப்பிள்ளை கேட்டாராம். நான் ஃபோனில் வாயைத் திறந்தாலே அவர் மகள் முழித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்குகிறாள் என்று நம் பெண்தான் எனக்குத் தடை போட்டிருக்கிறாள் என்பதை அவருக்குச் சொல்லு. மெழுகு காய்ச்சும் பர்னர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அதை இனிமேல் எங்கே கொண்டுபோய் ராகம் பழக்குவது? அப்பா எழுதட்டும், அம்மா படித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு. எழுதுகிறேன்.

விடுதிக்காரர் வந்திருந்தார். நீ கிளம்புவதற்கு முன் முடித்துக் கொடுத்த திரைகளைச் சாப்பாட்டுக் கூடத்தின் கிழக்கு ஜன்னல்களில் மாட்டிவிட்டாராம். மேற்குப் பக்கம் மொட்டையாக நிற்கிறதாம். விடுதி திறப்புக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டும் என்று நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அதற்கென்ன, முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

என் பங்கு வேலை முடிந்துவிட்டது. கொடியும் இலையும், சூடான மெழுகு ஒழுகும் மூக்குப் பேனாவால் வரைந்து, மஞ்சளில் முக்கி, அதன் மேல் மறுபடி மெழுகு வைத்து, செங்கல் நிறத்தில் முக்கி எடுத்தாகிவிட்டது. இப்போது எல்லாத் துணியும் முழுக்க மெழுகு பூசிக்கொண்டு, பட்டறையில் கொடி கட்டித் தொங்குகின்றன. தட்டினால் சத்தம் வருகிறது. இனி பாக்கி உன் வேலைதான். குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கசக்கி, மெழுகை உடைத்து, கரும்பழுப்புச் சாயத்தில் இறக்க வேண்டும். விரிசலுக்குள் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓட வேண்டும்.

இந்த வீட்டில் நான் பூசுகிறவன், நீ உடைக்கிறவள். நமக்குக் கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். நீ உடைக்க உட்கார்ந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். முதுகு வளைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் இழுத்த கோட்டை ஒருத்தி நொறுக்குவதை எந்த மனுஷன் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்? நான் திரும்பி வரும்போது துணி சாயத்தில் கிடக்கும், நீ கை கழுவிக்கொண்டிருப்பாய். அதனால் நீ என்ன செய்கிறாய் என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. எங்கே பிடிப்பாய், எந்த மூலையில் தொடங்குவாய், பிழிவாயா, முறுக்குவாயா? விவரமாக எழுதிப் போடு.

நம் பெண் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மாடி அறை சும்மாதான் கிடக்கிறதாம். பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் அங்கேயே வந்துவிட வேண்டுமாம். அவள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், அம்மாவுக்கும் இங்கே பிடித்துப்போய்விட்டது என்கிறாள். உனக்குப் பிடித்துப்போய்விட்டதா என்பதை நீ எங்காவது எழுதியிருக்கிறாயா என்று உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. மாடி அறையில் மெழுகு காய்ச்சினால் மாப்பிள்ளை சந்நியாசம் வாங்கிக்கொள்வார் என்று அவளுக்குப் பதில் போட்டுவிட்டேன்.

எப்போது கிளம்புகிறாய் என்று தெரிவி. மேற்கு ஜன்னல்கள் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


அன்புள்ள இவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அப்படியே என் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். பாவம், பெண் குழந்தை. வளர வளரச் சரியாகிவிடும் என்று நம் பெண்ணுக்குத் தைரியம் சொல்லு. என்னுடையது சரியாகவில்லை என்பதைச் சொல்லாதே.

நான் கேட்டதற்கு நீ எழுதியிருக்கும் பதில், கையில் எடுத்தால் தானாக வரும் என்பது. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்துவிட்டு இப்போது வந்து கேட்கிறீர்களே என்று சிரிப்பு வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். சிரி. நானும் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தானாக வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

நல்ல துணியில் கை வைக்காமல் ஒட்டுத் துணிகளில் மெழுகு பூசித்தான் சோதித்தேன், பயப்படாதே. முதலில் நானே உடைத்தேன். உடைத்தேன் என்று சொல்வதே பொய். கசக்கப் போன கை நடுவழியில் மனசு மாறி மடித்துவிட்டது. நெடுக்கே ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, மறுபடி நெடுக்கே. சாயத்தில் போட்டு எடுத்து விரித்தால் கட்டம் போட்ட காகிதம். குறுக்கெழுத்துப் போட்டி நடத்தலாம்.

சரி, பூசினவனுக்குத்தான் மனசு வராது, அடுத்தவனுக்கு என்ன என்று எதிர்க்கடைத் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் துணியைப் பார்த்ததும் விரலால் நீவி, கொசுவம் பிடித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து அழுத்திக் கொடுத்தார். தொழில் புத்தி. பேண்டில் இஸ்திரி மடிப்பு விழுந்த மாதிரி நேர்நேராக வந்தது. அடுத்தது ரொட்டிக்கடைக்காரர். கையை மடித்து விட்டுக்கொண்டு வந்து பிசைந்தார் பார், மாவு என்று நினைத்துவிட்டார். மெழுகு செதில் செதிலாக உதிர்ந்து துணி முழுக்கக் கருத்துப்போனது. இலை எங்கே என்று நானே தேடினேன். நல்லா மிருதுவா ஆயிடுச்சு பாருங்க என்று வேறு பெருமை.

மூலை வீட்டுக் கணக்கு டீச்சர் ஏதோ விசாரிக்க வந்தார். அவர் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து அந்த அம்மாள் யார் மேலும் கோபப்படவில்லை போலிருக்கிறது. தப்பாகப் போட்ட விடைத்தாளைக் கசக்குவது போல ஒரே பிடியில் உருண்டையாக்கிச் சுவரில் எறிந்தார். விரித்தால் நடுவிலிருந்து நாலா பக்கமும் சூரியக் கதிர் மாதிரி விரிசல். இருந்ததில் அதுதான் அழகு. ஆனால் உன்னுடையது இல்லை. அவர் மறுநாளும் வந்தார். இன்னும் ஏதாவது கசக்க இருக்கிறதா என்று கேட்டார். பழைய மாணவர்கள் சிலரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே கசக்கினார். இப்போதெல்லாம் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது.

விரிசலையே விட்டுவிட்டு வேறு வித்தை காட்டலாமா என்றும் பார்த்தேன். ஈரச் சாயத்தின் மேல் கல்லுப்பைத் தூவினேன். உப்பு சாயத்தை இழுத்துக்கொண்டு, குட்டிக் குட்டிப் பூவாக வந்தது. இளகின மெழுகில் முள்கரண்டியை இழுத்தேன். தலை வாரிவிட்ட மாதிரி வரிவரியாக வந்தது. துடைப்பத்தை மெழுகில் தோய்த்து உதறினேன். துணிக்கு அம்மை போட்டது, பூனைக்கும் கொஞ்சம் போட்டது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. விடுதிக்காரர் கேட்டது கிழக்கில் இருப்பதைப் போல. கிழக்கில் இருப்பது உன் கை.

உன் துணி ஒன்று மிச்சம் கிடக்குமே, அதை ஜன்னலில் மாட்டிப் பார்த்தேன். விரிசல் ஒரு மூலையில் கனமாகக் கிளம்புகிறது, பிறகு மெலிகிறது, இலையின் பக்கத்தில் வந்து ஒதுங்கிப் போகிறது, போய் இன்னொன்றோடு சேர்கிறது. எங்கேயும் தட்டித் தடுமாறவில்லை. இதை எப்படி ஒருத்தி கையால் செய்வாள் என்று நின்றுகொண்டே இருந்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கிப் போய்விட்டது.

நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தாய். சாப்பிடுகிறேன். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டிருந்தேன். அதற்கு உன் கடிதத்தில் பதிலைக் காணோம். நீ வந்துவிட்டால் இது ஒரு பகல் வேலை, யோசித்துச் சொல்லு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


அன்புள்ள இவளுக்கு,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பிளாஸ்டிக் குழாயில் சுற்றியிருப்பது திரைத் துணி ஒன்று. உன்னால் வர முடியாவிட்டால் என்ன, துணி உன்னிடம் வரட்டும் என்று தோன்றியது. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழாயிலிருந்து மெதுவாக விரித்து, குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற விட்டு, உன் வழக்கப்படி உடைத்து, மறுபடி குழாயில் சுற்றி அனுப்பிவிடு. சாயம் போடுவதெல்லாம் நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன், மாப்பிள்ளையின் குளியலறையைக் கரும்பழுப்பாக்க வேண்டாம். உடைத்த மெழுகை எதிரில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மற்றதை நானே உடைத்துக்கொள்வேன்.

வழியில் தபால்காரர்கள் தூக்கிப் போட்டு, அவர்கள் கை விரிசல் வந்துவிடக் கூடாதே என்று முன்யோசனையாக ஒரு வேலை செய்திருக்கிறேன். பழைய மெழுகை எடுத்துவிட்டு, தேன்மெழுகு தாராளமாகச் சேர்த்துப் புதிதாகப் பூசியிருக்கிறேன். லாரியே ஏறினாலும் ஒன்றும் ஆகாது.

சீக்கிரம் அனுப்பு. திறப்பு நாள் நெருங்குகிறது, விடுதிக்காரர் தெருவில் என்னைப் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


என் அன்புள்ள இவளுக்கு,

பார்சல் திரும்பி வந்தது. குழாயிலிருந்து விரித்தேன். கண்ணாடி மாதிரி, போனது போலவே வந்திருக்கிறது. உள்ளே உன் சீட்டு இருந்தது. அதை நானே இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், எனக்கு உறைக்கட்டும். “முறுக்கிப் பாத்தேன், பிழிஞ்சு பாத்தேன், மாப்பிள்ளையை ஏறி மிதிக்கச் சொன்னேன். ரப்பர் மாதிரி வளையுது, உடையல. உடையாத மெழுகைப் பூசி அனுப்பிட்டு உடைச்சு அனுப்புன்னா நான் என்ன பண்ணுவேன்?”

தலையில் அடித்துக்கொண்டேன். தேன்மெழுகு கூடினால் துணி வளையும், வெடிக்காது. வெடிக்க வேண்டும் என்றால் மெழுகுவத்திக்குப் போடும் வெள்ளை மெழுகுதான் கூட இருக்க வேண்டும். இது நம் தொழிலில் முதல் நாள் பாடம். ஒரு கோடு கலையக் கூடாது என்றே வாழ்ந்தவன் கைக்கு, உடைப்பதற்கென்று அனுப்பும் துணியைக்கூட உடையாதபடிதான் அனுப்பத் தெரிந்திருக்கிறது. தையல்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, நான் காத்திருந்தேன்.

சீட்டின் பின்பக்கத்தைப் பிறகுதான் பார்த்தேன். “மூணு கடுதாசி போட்டீங்க. மூணுலயும் மெழுகு வந்துச்சு, சாயம் வந்துச்சு, விடுதிக்காரர் வந்தார். திரைக்கு ஆள் வேணும்னு எழுதுனீங்க. நான் வரணும்னு எங்கயும் எழுதல. ஆள்தான் வேணும்னா அங்கயே பாத்துக்குங்க.”

அதற்குச் சமாதானமாக என்னவெல்லாமோ எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மறுபடி திரைதான் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

துணியைக் கொதிநீரில் போட்டு, அந்த மெழுகு முழுவதையும் எடுத்தேன். இந்தத் தடவை வெள்ளை மெழுகைத் தாராளமாகச் சேர்த்துக் காய்ச்சிப் பூசினேன். ஆறினதும் தொட்டித் தண்ணீரில் போட்டேன். உன் சீட்டு அலமாரியில் என் எதிரே இருந்தது. ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்தேன். மடிக்கவில்லை. கோபமா, என்ன கோபம், யார் மேல் என்று எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. முறுக்கினேன். நொறுங்குகிற சத்தம் கையில் ஏறி முழங்கை வரைக்கும் வந்தது. நீ இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தை நான் இப்போதுதான் கேட்கிறேன். நான் நினைத்தது போல இல்லை. கேட்க நன்றாக இருந்தது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். எல்லாவற்றையும் உடைத்துச் சாயத்தில் இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மெழுகைக் கொதிக்க வைத்து எடுத்து, காய வைத்துப் பார்த்தால், உன்னுடையது மாதிரி வரவில்லை. என்னுடையது நடுவில் கூட்டமாகக் கூடி நிற்கிறது, ஓரத்துக்கு வரத் தயங்குகிறது. சில இலைகளின் முதுகில் நேராக ஏறிப் போயிருக்கிறது. என்ன செய்வது, திறப்புக்கு நாள் இல்லை. விடுதிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத் தயாராகத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

மேற்கு ஜன்னல்களில் மாட்டினார். கூடத்தின் நடுவில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அடடா, ரெண்டு பக்கமும் அச்சா ஒரே மாதிரி இருக்கே, அம்மா வந்துட்டாங்களா என்று கேட்டார். நான் விளக்க முயன்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு முதுகில் தட்டினார். ஒரு திரையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார், இலையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் என்ன பாடு பட்டேன், ரொட்டிக்கடைக்காரர் என்ன பாடு படுத்தினார், கடைசியில் கேட்டவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

திறப்பு நாளில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், யாரும் எது யார் கை என்று கேட்கவில்லை. நான் கிழக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெயில் உன் திரை வழியாக உள்ளே வந்தது. என் இலைகளை உன் விரிசல் கெடுக்கிறது என்றுதான் நான் மனசுக்குள் வைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தால், விரிசல் வந்து ஒதுங்கிப் போகிற இடத்தில்தான் இலையே எடுப்பாகத் தெரிகிறது. என் பக்கத்துத் திரைகளில் இலை இருக்கிறது, அவ்வளவுதான். அது அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிகிறது. டீ ஆறிப்போய், இன்னொன்று கொண்டுவந்து வைத்தார்கள், அதுவும் ஆறிப்போனது.

இப்போது உன் சீட்டுக்குப் பதில் எழுதுகிறேன். திரை வேலை முடிந்துவிட்டது. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். துணி இழுத்துக் கட்டும் சட்டம் காலி, புதிதாக எதையும் நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நீ இல்லாமல் நின்றுபோகிற வேலை என்று இந்த வீட்டில் இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. உன்னைக் கூப்பிட என்னிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை. ஆகையால் நேராகவே எழுதுகிறேன். நீ வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கேயே இருக்கத்தான் உனக்கு மனசு என்றால், அதையும் எழுது. நம் பெண் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம், உன் கையாலேயே எழுது. நீ எழுதிவிட்டால் தையல்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பூனையை டீச்சரிடம் விட்டுவிட்டு, நான் கிளம்பிவிடுகிறேன். மாடி அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பேத்தி நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கி, மனசில் பட்டதை எழுதத் தயங்காத அவள் பாட்டியைப் போல வளரட்டும். நம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், அவர் கால் வலி தேவலையா என்று கேட்டதாகச் சொல்லு. உனக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நேரில் சொல்கிறேன், இங்கேயோ, அங்கேயோ.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரர்